முன்னாலா, பின்னாலா?

மதுரை மாநகரத்திலே வெடிச் சத்தத்துக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. அழகர் ஆற்றில் இறங்கினால் வெடி. தெருமுனை அம்மனுக்குப் பொங்கல் வைத்தால் வெடி. தேர்தலில் ஒருவர் ஜயித்தால் வெடி. அவரே கட்சி மாறி வந்தாலும் வெடி. ஆகையால் சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் நம் வீட்டு வாசலில் "டுமீல்" என்று ஒரு சத்தம் கேட்டபோது நாம் போர்வையை விலக்கவில்லை. இரண்டாவது சத்தத்துக்கு அடுத்த வீட்டு நாய் ஊளையிட்டது. மூன்றாவது சத்தத்துக்குப் பிறகு யாரோ நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

எழுந்து போய்ப் பார்த்தோம். நம்முடைய பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராயிருக்கும் நண்பர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், மாடிப்படி ஏறி வந்த கிழவரைப்போல் உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு, அவருடைய தகப்பனாரின் அம்பாஸிடர் மோட்டார் நின்றது.

அந்த மோட்டாரைப் பற்றி நேயர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். வங்காளத்தில் உத்தர்பாராவில் இருந்த தொழிற்சாலையில், இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைப் பின்பற்றி 1950-களின் கடைசியில் அம்பாஸிடர் செய்யத் தொடங்கினார்கள். 2014-ம் வருஷத்தில் அது நின்றுபோயிற்று. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் மந்திரி முதல் மாப்பிள்ளை வரை அதில் ஏறாதவர் யார்? நண்பரின் தகப்பனார் வைத்திருப்பது 1966-ம் வருஷத்து வண்டி. அவர் உசிலம்பட்டிப் பக்கத்தில் நாற்பது வருஷம் வைத்தியம் செய்த டாக்டர். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டி, "ஐயா, பிள்ளை தலை திரும்பவில்லை" என்று சொன்னவர்களின் ஊருக்கெல்லாம் கரிசல் மண்ணிலும் கண்மாய்க் கரையிலும் அந்த வண்டியைத்தான் அவர் ஓட்டிக்கொண்டு போனார். இன்று அந்தப் பக்கத்துப் பெரிய மனிதர்களில் சிலர் உலகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டவர்கள்.

டாக்டருக்கு இப்போது எண்பத்தொன்பது வயது. மூன்று வருஷமாக அவர் வண்டி ஓட்டுவதில்லை. தை மாதத்தில் தேனியில் அவருடைய பேத்திக்குக் கல்யாணம். "நம் வண்டியிலேயே போய்விடலாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதிகம் பேசாதவர் ஒரு தடவை சொன்னால், வீட்டில் உள்ளவர்களுக்கு அது நூறு தடவை சொன்னதற்குச் சமானம்.

ஆகவே நண்பர் வண்டியைத் தூசி தட்டி, பாட்டரி மாற்றி, பெட்ரோல் போட்டு எடுத்தார். டவுனுக்குள்ளே நன்றாகத்தான் ஓடிற்று. ஆனால் தேனி ரஸ்தாவில் ஒத்திகை பார்க்கப் போனபோது, செக்கானூரணி தாண்டியதும் இழுப்பு குறைந்தது. உசிலம்பட்டிக்கு அப்பால் ஆண்டிபட்டிக் கணவாயின் ஏற்றத்தில் மூச்சு முட்டி, இரண்டு தும்மல் தும்மி, ஒரு வெடி வெடித்து, நின்றேவிட்டது. பத்து நிமிஷம் கழித்துத் தானாகவே கிளம்பிற்று. நூறு கஜம் போய் மறுபடியும் நின்றது. மறு வாரம் போனபோதும் அதே கதைதான். இரண்டு தடவையும் கயிறு கட்டித்தான் ஊருக்கு இழுத்து வந்தார்கள்.

ஒரு பட்டறையில் பிளக்குகளை மாற்றினார்கள். அடுத்த வாரம் காயிலை மாற்றினார்கள். அதற்கடுத்த வாரம் கார்புரேட்டரைப் பிரித்துப் புது வாஷர்கள் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் குணமாக இருப்பதுபோல் தோன்றும். மூன்றாம் நாள் வெடிக்கும். பணம் போய்க்கொண்டிருந்தது, தை மாதம் வந்துகொண்டிருந்தது.

இந்தச் சமயத்தில் மூன்று பேர் மூன்று யோசனை சொன்னார்கள். பழைய இரும்பு வியாபாரி ஒருவர், எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பட்டறைக்காரர், "இந்த எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு டீஸல் எஞ்சினை வைத்துவிடலாம்" என்றார். மூன்றாவது யோசனை சொன்னவர் நாமேதான். "ஐயா, வண்டிக்கு வயதாகிவிட்டது. மனிதனுக்கே அறுபதில் ஓய்வு கொடுக்கிறார்கள். கல்யாணத்துக்கு ஒரு வாடகை வண்டி பேசிவிடுங்கள்" என்றோம். மோட்டாரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்பது, அபிப்பிராயம் சொல்வதற்கு ஒரு தடையாக நமக்குத் தோன்றவில்லை.

டீஸல் யோசனை மிகவும் அபாயமானது. பொதுச் சாலைக்கு வண்டி லாயக்கில்லாமல் போய்விடும் என்பதற்காக அல்ல; வேறொரு காரணம் உண்டு. 2021-ம் வருஷம் ஜூலை மாதத்தில் மத்திய சர்க்கார் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகள் செய்தார்கள். முதல் பதிவாகி 50 வருஷம் கடந்த சொந்த உபயோக வண்டியை அதன்படி தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். ஆனால் சட்டம், எஞ்சின் முதலியவற்றில் பெரிய மாறுதல் செய்யாமல் மூல ரூபத்திலேயே வண்டி இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. டீஸல் எஞ்சினை ஏற்றியிருந்தால், நோயைத் தீர்ப்பதாகச் சொல்லி நோயாளியையே மாற்றிய கதையாக முடிந்திருக்கும்.

நண்பர் அன்று விடியற்காலையில் வந்தது வண்டியை இரும்பு வியாபாரியிடம் விட்டுவிடும் உத்தேசத்துடன். துணைக்கு நம்மைக் கூப்பிட்டார். "அப்பாவிடம் கேட்டீரா?" என்றோம். "அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை" என்றார். சரி, சொல்லிவிட்டே போகலாம் என்று இருவரும் வண்டியில் ஏறி, வழியெல்லாம் காக்கைகளைக் கலைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம்.

பெரியவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நண்பர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். கிழவர் கோபிக்கவில்லை. சிறிது நேரம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"வெடிக்கிறது முன்னாலா, பின்னாலா?"

நண்பர் விழித்தார். நாமும் விழித்தோம். ஒன்றரை மாதமாக எத்தனையோ பேர் அந்த வண்டியைப் பார்த்திருந்தார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. வண்டியை ஐம்பது வருஷம் ஓட்டியவரிடமும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"வயிற்று வலி என்று ஒருவன் வந்தால், எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, சாப்பிடுவதற்கு முன்பா பின்பா என்று கேட்காமல் மருந்து கொடுக்கிறவன் வைத்தியனா, தம்பி?" என்றார் நம்மைப் பார்த்து. பிறகு மகனிடம், "பாயைக் கூப்பிடு" என்றார்.

பாய் என்பவர் தெற்குவாசல் பக்கத்தில் முன்பு பட்டறை வைத்திருந்தவர். எழுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, தொழிலை விட்டுவிட்டார். ஆனால் டாக்டர் ஐயா கூப்பிட்டார் என்றதும், ஒரு பழைய கித்தான் பையுடன் அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். அன்று அந்த இரண்டு கிழவர்களும் மூன்றாவது கிழவருக்குச் செய்த பரீக்ஷையை நாம் பக்கத்திலிருந்து பார்த்தோம். பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு உபயோகப்படுமாகையால் அதை விவரமாகவே எழுதுகிறோம்.

எஞ்சினில் ஒவ்வொரு ஸிலிண்டரும் நான்கு காரியங்களை மாறி மாறிச் செய்கிறது. பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சுகிறது, அதை அமுக்குகிறது, பிளக்கின் பொறியால் எரிக்கிறது, புகையை வெளியே தள்ளுகிறது. எரிய வேண்டியது உள்ளேதான் எரியவேண்டும். எரிப்பு வழிதப்பி முன்பக்கமாகக் கார்புரேட்டருக்குள் பாய்ந்தால் அது தும்மல். எரியாத பெட்ரோல் பின்பக்கமாக ஸைலன்ஸருக்குள் போய் அங்கே தீப்பற்றினால் அது வெடி. இரண்டையும் ஜனங்கள் ஒரே பெயரால் சொல்கிறார்கள். ஆனால் சளியும் இருமலும் ஒன்றாகுமா?

முன்னால் தும்மினால் சந்தேகப்பட வேண்டியவை இவை: காற்று அதிகமாகிப் பெட்ரோல் குறைந்த கலவை, உறிஞ்சும் வால்வு சரியாக மூடாமை, பொறி விழும் நேரம் தவறியிருப்பது, பிளக் வயர்கள் இடம் மாறியிருப்பது. அம்பாஸிடரின் பெட்ரோல் எஞ்சினில் 1, 3, 4, 2 என்ற வரிசையில்தான் பொறி விழவேண்டும். பின்னால் வெடித்தால் பார்க்கவேண்டியவை: பொறி விட்டு விட்டு விழுவது, நேரம் தாழ்ந்து விழுவது, புகை வால்வு கசிவது, புகைக் குழாயின் மூட்டில் காற்று நுழைவது.

"ஐயா, ஏற்றத்தில் முதலில் முன்னால் தும்முகிறது, அப்புறம்தான் பின்னால் வெடிக்கிறது" என்று யோசித்துச் சொன்னார் நண்பர்.

"அந்த வரிசைதான் முக்கியம்" என்றார் டாக்டர்.

பாய் முதலில் ஸ்விட்சை அணைத்துவிட்டு, முன்பக்கத்துத் துவாரத்தில் ஹாண்டிலைச் செருகி மெதுவாகச் சுற்றினார். நான்கு ஸிலிண்டர்களின் எதிர்ப்பும் கைக்கு ஒரே மாதிரி இருந்தது. ஒன்று மட்டும் வழுக்கிக்கொண்டு போனால் வால்வோ, வளையமோ, கேஸ்கெட்டோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம். "நாடி நன்றாக இருக்கிறது, ஐயா" என்றார். அடுத்தபடி டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பாயிண்ட்டைப் பார்த்தார். இடைவெளி 15 'தௌ', அதாவது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு இருந்தது, அது சரி. பிளக்குகளைக் கழற்றினார். பொறி நீலமாகப் பளிச்சென்று விழுந்தது. ஆனால் பிளக்குகளின் மூக்கு வெள்ளை வெளேரென்று இருந்தது. பழுப்பு நிறமாக இருந்தால் சௌக்கியம். கரி படிந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்தால் பெட்ரோல் பட்டினி.

"நாக்கு வெளுத்திருக்கிறது" என்றார் டாக்டர். "ரத்த சோகை!"

பிறகு வந்ததுதான் தீர்ப்பான பரீக்ஷை. எஞ்சின் நன்றாக ஆறிய பின், பீடி பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரைத் தெருவுக்கு அப்பால் அனுப்பிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு தகர டப்பாவுக்குள் விட்டு, பம்பை வேலை செய்யச் சொன்னார் பாய். முதலில் பெட்ரோல் பீறிட்டு வந்தது. அரை நிமிஷத்தில் நூலாக இளைத்தது. பிறகு சொட்டுச் சொட்டாக விழுந்தது. குழாயின் வழியாகப் பின்னோக்கிக் காற்றை ஊதினார். டாங்கிக்குள் 'களக் களக்' என்று குமிழியிட்டது. மறுபடி பம்பு செய்தால் தாராளமாக வந்தது. சிறிது நேரத்தில் மறுபடி இளைத்தது.

காரணம் விளங்கிவிட்டது. டாங்கியின் அடியில் கிடந்த கசடு, பெட்ரோல் வேகமாக இழுக்கப்படும்போது குழாயின் வாயை அடைத்துக்கொண்டது. வண்டி நின்றதும் கசடு படிந்துவிடும், வழி திறக்கும், மிதவைக் கிண்ணம் நிரம்பும், வண்டி கிளம்பும். டவுனில் பெட்ரோல் செலவு சொற்பம், அதனால் தெரியவில்லை. ஏற்றத்தில் தேவை அதிகம், கிடைப்பது குறைவு. பெட்ரோல் குறைந்த கலவை மெதுவாக எரியும். புகையெல்லாம் வெளியேறி, அடுத்த உறிஞ்சலுக்கு வால்வு திறக்கும்போதும் உள்ளே தீ மிச்சமிருக்கும். அந்தத் தீ பின்வாங்கிக் கார்புரேட்டருக்குள் பாய்வதுதான் தும்மல். கலவை இன்னும் மெலிந்தால் சில தடவை தீயே பற்றாது. பற்றாத பெட்ரோல் சூடான ஸைலன்ஸரில் போய்ச் சேர்ந்து வெடிக்கும். தும்மல், வெடி, இழுப்புக் குறைவு ஆகிய மூன்றுக்கும் மூலம் ஒன்றுதான். பிளக்கும் காயிலும் என்ன பாவம் செய்தன!

டாங்கியை இறக்கிக் கழுவினார்கள். வைகையில் வெள்ளம் வடிந்த பிறகு கிடக்கும் வண்டலைப்போல் செந்நிறச் சேறு வந்தது. ரப்பர்க் குழாய்களைப் பாய் கத்தியால் பிளந்து காட்டினார். உட்புறத் தோல் உப்பி, உரிந்து, துகள் துகளாக இருந்தது.

"மூன்று வருஷத்துக்கு முன்னால் நன்றாக ஓடிய வண்டிக்குத் திடீரென்று இவ்வளவு சேறு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டோம்.

அதற்குக் கிடைத்த விடை தற்காலத்து விஷயம். அரைகுறையாகப் பெட்ரோல் இருந்த டாங்கி மூன்று வருஷம் சும்மா கிடந்ததில், காற்றின் ஈரம் உள்ளே துருவை உண்டாக்கியிருந்தது. அதன்மேல் இப்போது நாம் வாங்கும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எதனால் என்னும் சாராயச் சத்து கலந்திருக்கிறது. 2023-ல் தொடங்கி 2025-க்குள் நாடு முழுவதும் இந்த அளவு வந்துவிட்டது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எரிபொருள் எடுத்து, அந்நிய நாட்டு எண்ணெய்க்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி நம் விவசாயிகளுக்குப் போகட்டும் என்பது நல்ல நோக்கமே. யோசனையும் புதிதன்று, 1948-ம் வருஷத்திலேயே பெட்ரோலில் சாராயம் கலக்க நம் தேசத்தில் ஒரு சட்டம் செய்தார்கள். 2000-த்தில்தான் அதை எடுத்தார்கள்.

ஆனால் எதனாலுக்குச் சில சுபாவங்கள் உண்டு. அது ஈரத்தை இழுக்கும். பழைய டாங்கியில் படிந்த கசடைக் கரைத்துக் கிளப்பிவிடும். அந்தக் காலத்து ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். மேலும் அதற்குள்ளேயே பிராணவாயு இருப்பதால் அதை எரிக்கக் குறைந்த காற்றுப் போதும். பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று ஏறக்குறைய 15 பங்கு வேண்டும். எதனாலுக்கு 9 பங்கு போதும். புது வண்டிகளில் புகையைச் சோதித்துக் கலவையைத் தானே திருத்திக்கொள்ளும் கருவி உண்டு. 1966-ம் வருஷத்துக் கார்புரேட்டருக்கு அந்த வித்தை தெரியாது. பழைய அளவிலேயே காற்றை விடும்; கலவை மெலியும். ஆகவே பாய் எதனாலைத் தாங்கும் ரப்பர்க் குழாய்களையும் பம்புக்குப் புது டயாபிரத்தையும் போட்டு, வழியில் ஒரு சிறிய வடிகட்டியைச் சேர்த்து, கார்புரேட்டரின் ஜெட்டை ஒரு படி பெரியதாக மாற்றினார். ஒன்றை மாற்றுவார், ஓட்டிப் பார்ப்பார். பிறகுதான் அடுத்ததை மாற்றுவார். நான்கையும் ஒரே நாளில் மாற்றினால், எது பலித்தது என்று எப்படித் தெரியும்?

மார்கழிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் புறப்பட்டோம். நண்பர் ஓட்டினார், பக்கத்தில் டாக்டர், பின்னால் பாயும் நாமும். உசிலம்பட்டி தாண்டியதும் ஒருவரும் பேசவில்லை. கணவாயின் ஏற்றம் தொடங்கிற்று. இரண்டாவது கியரில் எஞ்சின் ஒரே சுருதியில் முனகிக்கொண்டு ஏறிற்று. முன்பு நின்ற இடம் வந்தது, போயிற்று.

டாக்டர் அப்போதுதான் வாய் திறந்தார். சிறு பிள்ளையாக இருந்தபோது இதே ஏற்றத்தில் கரி பஸ்ஸிலிருந்து இறங்கித் தள்ளிய கதையைச் சொன்னார். இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காத காலம் அது. 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டவரும், பிறகு மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டவருமான டி. வி. சுந்தரம் ஐயங்கார், அந்த நாளில் கரிவாயுக் கருவி ஒன்றைச் செய்து கொடுத்தார். பஸ்ஸின் பின்புறத்தில் ஓர் உயரமான அடுப்பு. அதில் மரக்கரியை மட்டாகக் காற்று விட்டு எரித்தால் எரியும் வாயு கிடைக்கும். ஸ்வீடனிலும் ஜெர்மனியிலும் லக்ஷக்கணக்கான வண்டிகள் அப்படித்தான் ஓடின. அந்த வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். ஆகையால் எஞ்சினின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போய்விடும்.

"இழுக்காதது ஏன் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் பஸ்ஸைத் திட்டவில்லை, இறங்கித் தள்ளினோம்" என்றார் டாக்டர்.

கல்யாணம் தை மாதத்தில் நல்லபடியாக நடந்தது. அம்பாஸிடர் தேனிக்குப் போய், பலகாரக் கூடைகளையும் சுமந்துகொண்டு திரும்பி வந்தது. பழம்பெரும் வாகனப் பதிவுக்கு நண்பர் மனுச் செய்திருக்கிறார். அந்தப் பதிவுக்குப் பிறகு வண்டியை நினைத்தபோதெல்லாம் எடுத்து ஓட்ட முடியாது. விதி இடங் கொடுக்கும் சமயங்களில் மட்டுமே அது வெளியே வரும். ஆனால் இரும்புக் கடைக்குப் போகாது.

நாம் சொன்ன யோசனையை டாக்டர் பிற்பாடு ஒரு நாளும் குத்திக் காட்டவில்லை. அதுவே நமக்கு அதிகமாக உறுத்திற்று. 'வயதாகிவிட்டது' என்று நாம் சொன்னோமே, அது காரணமே அல்ல. காரணம் தேடச் சோம்பல்படுகிறவர்கள் வைத்துக்கொண்டிருக்கும் சௌகரியமான ஒரு வார்த்தை அது. வாத்தியார்களிடமும் அப்படி ஒரு வார்த்தை உண்டு: 'மந்தம்'.

நம் வகுப்பில் கடைசிப் பெஞ்சியில் ஒரு பையன். அவனுடைய தேர்ச்சிக் குறிப்பில் அந்த வார்த்தையை நம் கையாலேயே எழுதியிருந்தோம். கணவாய்க்குப் போய்வந்த மறுநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "படிப்பு எப்போதப்பா ஓடவில்லை? காலையிலா, மத்தியானத்திலா?" என்று கேட்டோம். திகைத்துப்போனான். பிறகு, "மத்தியானத்தில்தான் சார்" என்றான். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் இரவு இரண்டு மணிக்கு மூட்டை இறக்கும் தகப்பனாருக்குத் துணையாகப் போகிறான் என்பது அதன் பிறகு தெரிந்தது.

அவன் தகப்பனாரை வரச் சொல்லியிருக்கிறோம். குறிப்பில் எழுதிய வார்த்தையை அன்றே அடித்துவிட்டோம்.